மேம்சாப் சம்மதித்தால் நிலம்

டிசம்பர் குளிரில், இன்னும் முழுதாக விடியாத ஒரு காலையில், விஷ்ராந்த்வாடியில் ஓர் எருமையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருந்தேன். சேலைக்கு மேல் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பட்டாளத்துக் காக்கிக் கோட்டு. தலையில் முண்டாசு. வாயின் ஓரத்தில் புகைந்துகொண்டிருக்கும் பீடி.

பக்கத்தில் என் கணவர் செல்லையா, பீடி அணைந்தால் மறுபடி பற்றவைப்பதற்காகத் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவர் அப்போது எங்கள் தமிழ்ச் சபையின் பொருளாளர்.

பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, எருமையைப் பார்த்து, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி, "சாவ்தான்" என்று கத்தினேன். கத்திவிட்டுப் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

ஒருவர், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை பிளெட்சர் மிஸ். மற்றவர் எங்கள் சபைப் போதகர். போதகர் கையில் வேதப்புத்தகம். மிஸ் கையில் குடை. மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"எஸ்தர்," என்றார் மிஸ் ஆங்கிலத்தில், வகுப்பில் பேசுகிற பிள்ளையைக் கேட்பதுபோல. "அது பீடியா?"

வாயில் பீடி இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தகரக் கூரையும் என் தொண்டையும்

நான் அந்தக் கோலத்துக்கு வந்து சேர்ந்ததற்கு மூல காரணம், சென்ற வாரம் எழுதினேனே, அதே பட்டாளத்துக் காம்ப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரைதான். மழைக்காலத்தில் அந்தக் கூரையின் கீழ் பூகோளம் நடத்துவதென்றால், ஓடுகிற ரயிலில் நின்று பிரசங்கம் செய்வது மாதிரி. மழை இல்லாத மாதங்களில் பக்கத்து மைதானத்தில் பட்டாளத்து பேண்டு பழகுவார்கள். ஒரே பாட்டு. அதே இடத்தில் தப்பு.

அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டே என் குரல் போனது. முதலில் கரகரத்தது, அப்புறம் பாதி வார்த்தைக்குமேல் காற்றாக வந்தது. டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே மொட்டு மாதிரி தடித்திருக்கிறது, கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள் என்றார்.

"நான் டீச்சர் டாக்டர்."

"அப்படியானால் மெதுவாகப் பேசுங்கள்."

"தகரக் கூரை டாக்டர்."

அவர் யோசித்துவிட்டு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பிளெட்சர் மிஸ் என்னைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் தாம் ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவில் தங்கையிடம் போகப்போவதாகவும், தம் நாற்காலிக்கு என் பேரைச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைப்பது அதுவே முதல் தடவை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும், இனி மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துக் கத்த வேண்டும் என்று தோன்றியது.

அந்த ஞாயிறு ஆளந்தி ரோட்டில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். இப்போது அந்தப் பக்கமெல்லாம் அடுக்கு வீடுகள். மகர்பட்டாவில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் அன்று கரும்பு நின்றது என்று சொன்னால் என் பேரன் நம்புவதில்லை. விஷ்ராந்த்வாடியும் அப்போது வயல்தான். கூட்டம் முடிந்து நான் மட்டும் சற்று நடந்தேன். ஒரு கிணறு. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சோளப் பயிர். ஓர் ஓரத்தில் ஓட்டு வீடு.

கிணற்று மேடையில் உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. யாரும் 'டீச்சர்' என்று கூப்பிடவில்லை. விழுங்கிப் பார்த்தேன். தொண்டை வலிக்கவில்லை. எழுந்து வர மனமில்லாமல், அங்கேயே இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது என்னைத் தேட ஆள் அனுப்பியிருந்தார்கள்.

போர்டில் எழுதுகிற மண்

மறுநாள் செல்லையாவிடம் சொன்னேன். அவர் பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் கிளார்க். இஸ்திரி போட்ட சட்டையைத் தவிர வேறெதிலும் அவரை நான் பார்த்ததில்லை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அப்பா ஏர் பிடித்துப் பிடித்து வெறுத்துப்போய், மகன் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்க வேண்டும் என்று படிக்க வைத்தவர்.

"வேலய விட்டுட்டு வெவசாயம் பாக்கப் போறேங்குதியா?" என்றார் டீயை மேசைமேல் வைத்துவிட்டு. "எங்கப்பா மண்ணே வேண்டாம்னு உதறிட்டு வந்தாவ எஸ்தரு. அவிய உதறினத நீ போயி பொறுக்கப் போறியா?"

"நீங்க உங்க வேலய விட வேண்டாம். நான் மட்டும்தான் விடுதேன்."

"ஒனக்கு மண்ணு தெரியுமா?"

"கரிசல், செம்மண், வண்டல், சரளை. வருசா வருசம் நடத்துதேன்லா."

"அது போர்டுல எழுதுத மண்ணு. இது நகத்துக்குள்ள போகுத மண்ணு. எனக்கு நெனச்சாலே அரிக்கி."

ஆனாலும் அவர் அடுத்த ஞாயிறு என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து விஷ்ராந்த்வாடிக்குக் கூட்டிப்போனார். நேரில் பார்த்தால் எனக்கே வெறுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

ஹவில்தாரின் நிபந்தனை

நிலத்துக்காரர் ஜாதவ், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டதால், கோலாப்பூரில் மகள் வீட்டோடு போய் இருக்கத் தீர்மானித்திருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டும். நாங்கள் கேட்டோம். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து போய் ஓர் எருமையை அவிழ்த்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார்.

"இவள் பெயர் மேம்சாப்," என்றார் இந்தியில். அவருடைய ரெஜிமெண்டில் கர்னலின் மனைவி ஒருத்தி இருந்தாளாம். யார் சொல்லும் கேட்கமாட்டாளாம். அந்த மரியாதைக்காக வைத்த பெயர்.

மேம்சாப் இந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்கமாட்டாள். அதனால் கோலாப்பூர் கொண்டுபோக முடியாது. நிலத்தோடுதான் இருப்பாள். அதனால், "மேம்சாப் பசந்த் கரேகீ தோ ஜமீன் ஆப்கா, பாயி."

எருமைக்குப் பிடித்திருந்தால் நிலம் உங்களுக்கு, அம்மா என்கிறார். செல்லையா சிரித்தார். ஹவில்தார் சிரிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பால்காரரும் ஒரு கான்ட்ராக்டரும் மேம்சாப்பிடம் உதை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அவளிடம் பால் கறப்பதற்கு ஒரு முறை இருந்தது. பல வருடங்களாக ஹவில்தார் ஒருவரே கறந்து பழக்கிவிட்டார். காக்கிக் கோட்டு, முண்டாசு, பீடிப் புகை, மூன்றும் இருந்தால்தான் பக்கத்தில் விடுவாள். பிறகு அணிவகுப்பு மைதானத்துக் குரலில் "சாவ்தான்" என்று சொல்ல வேண்டும். கால்களைச் சேர்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். "விஷ்ராம்" என்றால் உடம்பைத் தளர்த்திப் பால் விடுவாள். ஹவில்தார் செய்து காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பில்கூட அப்படி ஓர் ஒழுங்கை நான் கண்டதில்லை.

செல்லையாவுக்கு நிம்மதியாகிவிட்டது. "சரி, விடு. நடக்குத காரியமா?" என்றார்.

"நாளைக்குக் காலைல வாரேன்னு சொல்லுங்க," என்றேன்.

காதர் பாய் கடையில்

கோட்டும் முண்டாசும் ஹவில்தார் கொடுத்தார். பீடியை மட்டும் நாங்களே கொண்டுவர வேண்டும் என்றார். செல்லையா அதுவரை பீடியைக் கையால் தொட்டதில்லை. சாயங்காலம் காம்ப்பில் காதர் பாயின் கடைக்குப் போனார். காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். எங்களுக்கு நல்ல பழக்கம்.

"அண்ணாச்சி, நீங்களா பீடி கேக்கிய?" என்று காதர் பாய் திகைத்துப் போயிருக்கிறார்.

என் கணவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எனக்கில்ல பாய். வீட்டுல அவளுக்கு," என்று சொல்லியிருக்கிறார்.

காதர் பாய் காசு வாங்கவில்லையாம். "டீச்சரம்மாவுக்கு என்ன கஷ்டமோ," என்று மட்டும் கேட்டாராம்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் வேலையை விடப்போகிறேன் என்பது ஏற்கெனவே கொஞ்சம் கசிந்திருந்தது. அதோடு பீடியும் சேர்ந்துகொண்டது. ஏரவாடாவிலிருந்து செல்லையாவின் சித்தி மகள் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்டை வீட்டுக்காரர்கள் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்தார்கள். எனக்கு என்ன வியாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று காற்றுக் குரலில் சொல்லச் சொல்ல, அவர்கள் கண்ணில் தண்ணீர் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "நம் மத்தியில் போராடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரிக்காக" என்று போதகர் ஜெபித்தார். சபை முழுக்க ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பியது.

பாடம் ஏறாத மாணவி

தினமும் விடிவதற்கு முன் சைக்கிளில் போவோம். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, முண்டாசைச் சுற்றிக்கொண்டு, பீடியைக் கடித்துக்கொண்டு உட்காருவேன். புகையை உள்ளே இழுக்காததால் அது அடிக்கடி அணையும். செல்லையா குனிந்து பற்றவைப்பார். நான் கத்துவேன்.

மேம்சாப் தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பாள். பிறகு வாளியை உதைப்பாள். ஒருநாள் முண்டாசின் நுனியை மென்று தின்றாள். ஒருநாள் நான் "விஷ்ராம்" என்றதும் என் கோட்டின்மேல் சிறுநீர் கழித்தாள். கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் ஹவில்தார், "ஆவாஸ் மே தம் நஹீ ஹை, பாயி," என்பார். குரலில் தெம்பு இல்லையாம்.

கத்தாமல் இருப்பதற்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தை விடப் பார்த்தேன். இங்கே வந்து, பள்ளிக்கூடத்தில் கத்தியதைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தேன். இதை ஒருநாள் செல்லையா சொன்னார். அதற்காக அவரோடு வீடு வரை பேசவில்லை.

ஆனாலும் விடவில்லை. ஏனென்றால், கத்தி முடித்த பிறகு ஹவில்தார் தேநீர் போடும் அந்த நேரத்தில், சோளப் பயிரின்மேல் வெயில் மெல்ல இறங்கும். கிணற்று மேடை சூடாகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எத்தனை உதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றிருந்தது. செல்லையா அந்த நேரத்தில் வரப்போரமாகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்துவார். சலித்துப்போய் நடக்கிறார் என்றே நினைத்தேன்.

பள்ளிக்கூடத்திலோ எனக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. நான் கிசுகிசுத்தால் பிள்ளைகள் கேட்பதற்காக மூச்சுவிடாமல் முன்னால் குனிந்தார்கள். என் வகுப்பு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. அந்த அமைதியைக் கண்டு பயந்துபோய்த்தான் பிளெட்சர் மிஸ் விசாரிக்க ஆரம்பித்தார். விசாரித்ததில் பீடியும் வந்தது, போதகரும் வந்தார்.

வேலிக்கு இந்தப் பக்கம்

ஆக, இருவரும் வேலியோரம் நின்றார்கள். நான் பீடியை வாயிலிருந்து எடுத்தேன்.

"சகோதரி, ஒன்றும் பேச வேண்டாம். முதலில் ஜெபிப்போம்," என்று போதகர் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

அவர் வெள்ளை அங்கி போட்டிருந்தார். மேம்சாப் வாழ்நாளில் அத்தனை வெள்ளைத் துணியை ஒரே ஆளின்மேல் பார்த்ததில்லை. ஒரு திமிறல். முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது. வாளி பறந்தது. நான் மல்லாந்து விழுந்தேன். செல்லையா தீப்பெட்டியோடு ஒரு பக்கம் உருண்டார். போதகர், அந்த வயதில் எப்படி ஏறினாரோ, நிறுத்தி வைத்திருந்த மாட்டுவண்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். மேம்சாப் சோளத்துக்குள் புகத் தலையைத் தாழ்த்தினாள்.

பிளெட்சர் மிஸ் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஸ்டேண்ட் ஸ்டில்."

கத்தவில்லை. காலைக் கூட்டத்தில், கடைசி வரிசையில் சிரிக்கும் பிள்ளைக்கும் கேட்கும்படி சொல்வாரே, அந்தக் குரல். நான் கிடந்த இடத்திலேயே காலைச் சேர்த்துக்கொண்டேன். செல்லையாவும் அசையவில்லை. மேம்சாப் நின்றாள்.

"ஃபீட் டுகெதர்."

இங்கிலீஷ் தெரியாத அந்த எருமை நான்கு கால்களையும் சேர்த்து வைத்தது. மிஸ் அதன் அருகில் போய், முகத்தைப் பார்த்தார். அடுத்து என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலும். காலைக் கூட்டத்தின் முடிவில் சொல்வதையே சொன்னார். "குட். யூ மே ரிலாக்ஸ்."

மேம்சாப்பின் மடியிலிருந்து, யாரும் தொடாமலே, பால் சொட்டத் தொடங்கியது.

ஹவில்தார் கட்டிலிலிருந்து எழுந்து, போர்வை கீழே விழ, விறைப்பாக நின்று மிஸ்ஸுக்கு ஒரு சல்யூட் வைத்தார். "மேம்சாப் நே மேம்சாப் கோ பசந்த் கியா," என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று மிஸ் என்னைக் கேட்டார். அவருக்கு இந்தி ஆயாவிடம் பேசும் அளவுதான் தெரியும்.

நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. "எருமைக்கு உங்களைப் பிடித்துவிட்டதாம். நிலம் உங்களுக்காம்," என்றேன்.

மிஸ் திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். சோளத்தைப் பார்த்தார். நான் பார்த்த அதே வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

"என் தங்கை எனக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள்," என்றார் மெதுவாக. "படம் அனுப்பியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "எஸ்தர், இதற்கு எத்தனை மணிக்குப் பால் கறக்க வேண்டும் என்று அவரைக் கேள்," என்றார்.

வண்டிமேல் நின்றபடியே போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். எதற்காக என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

பாலத்தின் மேல்

திரும்பும்போது செல்லையா குனிந்து மிதித்தார். நான் கேரியரில் அழுதுகொண்டிருந்தேன். ஏரவாடாப் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார். என்னைத் தேற்றப்போகிறார் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "கெணத்துப் பக்கத்துல ரெண்டு வாழ வைக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

"யாரு? நீங்களா?"

"வடக்கு வரப்பு ஓரமா அவரையும் போடலாம். அங்க ஈரம் நிக்கி. பாத்து வச்சிருந்தேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் மறுபடி சைக்கிளில் ஏறி, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

ஜனவரியில் நான் மிஸ்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மிஸ் ஹவில்தாரின் ஓட்டு வீட்டில் பியானோவோடு குடியேறினார். எருமை சொன்னபடி கேட்டது. ஆனால் தண்ணீர் முறைக்காரரும் உரம் கொண்டுவருபவரும் மிஸ்ஸின் இங்கிலீஷைக் கேட்கவில்லை. அவர்களோடு மராத்தியில் பேச ஓர் ஆள் வேண்டும் என்றார். செல்லையா ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். பிறகு சனிக்கிழமைகளிலும் போனார். பிறகு வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பொய் சொல்ல வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "ஆபீசுல சொல்லிட்டேன்," என்றார்.

"என்னன்னு?"

"இனி வரலன்னு."

நான் அவரைப் பார்த்தேன். சட்டை இஸ்திரி போட்டதுதான். நகத்துக்குள் கறுப்பாக இருந்தது.

"என்ன சொல்லுதிய? நான்லா போறதா இருந்தது?"

"நீ இப்ப பெரிய டீச்சரம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும்லா எஸ்தரு." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பா இருந்தா அடிச்சிருப்பாவ," என்றார்.

"அவிய இல்லாட்டி என்ன? நான் இருக்கேன்லா," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவரோடு நான் சில நாட்கள் பேசவில்லை. கோபம் பாதி, பொறாமை பாதி. விஷ்ராந்த்வாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. வந்து பார் என்று அவரும் கூப்பிடவில்லை. தினமும் இருட்டிய பிறகு வருவார், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், சாப்பிடுவார், படுத்த உடனே தூங்கிப்போவார். ஆபீஸுக்குப் போன வருடங்களில் அவர் பாதி இரவு விழித்துக்கொண்டு கிடப்பவர்.

சோளம் முற்றிய சமயம்

சோளம் கதிர் முற்றிய சமயம். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாளோடு முடிந்தது. நான் சொல்லாமல் டாங்கா வண்டி பிடித்துப் போனேன். ஆளந்தி ரோட்டில் இறங்கி, வயல்களின் நடுவே நடந்தேன். சோளம் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. மிஸ்ஸின் பியானோ சத்தம் எங்கேயோ லேசாகக் கேட்டது.

வயலின் நடுவே மூங்கிலால் பரண் கட்டியிருந்தார்கள், பறவை விரட்ட. அதன்மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு. முதுகைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

குருவிக் கூட்டமொன்று கதிர்மேல் வந்து இறங்கியது.

"ஏஏய்!" என்று அவர் கத்தினார்.

கல்யாணமான நாள் முதல் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆபீஸில் மேலதிகாரி திட்டினாலும், வீட்டில் நான் திட்டினாலும், ஒரே மாதிரி மெதுவாக 'சரி' என்பவர். அவ்வளவு பெரிய சத்தம் இத்தனை வருடங்களாக அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அது கிணற்றில் மோதி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மரங்கள் வரை போய்த் திரும்பி வந்தது. குருவிகள் மொத்தமாக எழுந்து போயின.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. இன்னொரு கூட்டம் வந்து இறங்காதா, இன்னொரு தடவை கத்தமாட்டாரா என்று சோளத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.